பொத்திய கை

பகல் பதினொரு மணிக்கு, பார்க்கிங் என்ற ஆங்கிலேய நகரில் உள்ள அந்தப் பழைய வீட்டின் நிலவறையில், ஈரச் செங்கலும் எலிப்புழுக்கையும் மணக்கிற இருட்டில், சுவரிலிருந்த ஓட்டைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

பத்மநாதன் சுவர் பூசும் சாந்தகப்பையைக் கீழே வைத்தார். ஓட்டைக்குப் பின்னால் வெறும் பொந்துதான். போன கிழமை அவரே சுவரை இடித்துக் கண்டுபிடித்தது. உள்ளே கிடந்த எலும்புக்கூட்டைக் கொண்டுபோய்விட்டார்கள். அடைக்கிறதுதான் இன்றைய வேலை.

“இருநூற்றைம்பது வருசத்துக்கு முன்னம், அங்கிள்,” என்றாள் படம் எடுக்க வந்திருந்த வரலாற்று ஆய்வாளர் ஜதுர்ஷிகா. “சீனி வியாபாரியிட்டயிருந்து தப்பின மூண்டு அடிமையள் இதுக்குள்ள ஒளிச்சிருந்தவை. தேடி வந்தவங்கள் காணேல்லை. ரெண்டு பேர் உயிரோட போயிட்டினம். மற்றவரை ஆர் கொலை செய்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. எலும்பில ஒரு காயமும் இல்லை.”

“அவருக்கு இருமல்.” பத்மநாதனுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சும்மா சொன்னன், பிள்ளை.”

அவள் சிரித்துக்கொண்டு தேநீர் வாங்க மேலே போனாள்.

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இடக் கைச் சுட்டுவிரல் நுனியை மெஷின் வெட்டியது என்று இருபத்தாறு வருடமாகப் புளுகிக்கொண்டிருக்கிறார். பல் அது. முருகேசனின் பல். களவாக எல்லை தாண்டிய மீன் லொறிக்குள் பதினான்கு பேர், வெளியே பொலிஸ் நாய், முருகேசனுக்கு நிற்காத இருமல். எல்லாக் கண்களும் பக்கத்திலிருந்த பத்மநாதனைப் பார்த்தன. அவர் முருகேசனின் வாயைப் பொத்தினார். காலடிகள் போகும்வரைதான். பாழாய்ப்போன காலடிகள் போக நேரமெடுத்தது.

முருகேசனின் மனைவி நகுலேஸ்வரியிடம் மாரடைப்பு என்று சொன்னார். அவள் நம்பினாள். ஒவ்வொரு திவசத்திலும் பத்மநாதனுக்கே முதலில் சோறு போடுகிறாள். அதையும் தின்றுவிட்டு வருகிறார், வெட்கங்கெட்டவர்.

இன்றும் திவசம்.

போன் அடித்தது. நகுலேஸ்வரி.

“அண்ணை, படைக்கப்போறம். உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்.” பிறகு வழக்கமான கேள்வி: “அவர் கடைசியா ஒண்டும் சொல்லேல்லையோ அண்ணை?”

போதும். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

“தங்கச்சி, நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லோணும்.”

ஓட்டைக்குள் இருமல். மிகக் கிட்டத்தில்.

“முருகேசனை நான்...”

ஒரு கை வாயைப் பொத்தியது.

பின்னாலிருந்து. ஐஸ் குளிர். மீன் நாற்றம்.

வலக் கையில் போன். இடக் கை சுவரில். விளக்கு வெளிச்சத்தில் நுனியில்லாத விரல் தெரிந்தது. அவருடைய இரண்டு கைகளும் அங்கேதான் இருந்தன.

வாயை அழுத்திய கைக்கும் சுட்டுவிரல் நுனி இல்லை. அதிலிருந்து இரத்தம் சுடச்சுட அவர் நாக்கில் இறங்கியது.

“அண்ணை? கேக்குதோ? அண்ணை?”

மேலே கதவு திறந்தது. ஜதுர்ஷிகா படியிறங்கி வந்தாள்.

காலடி கேட்கக் கேட்க, கை இன்னும் இறுக்கிப் பொத்தியது.