மணல் கரைந்த மதியம்

"கியோரா, ரம்ஜான் மாசத்துல பட்டப்பகல்ல ஆரஞ்சு தின்னுக்கிட்டிருக்கானுங்க."

பதுங்கறையின் கண்காணிப்புத் துளையிலிருந்து எல்கானா முகத்தை எடுக்கவில்லை. சூயஸ் கால்வாய் வெயிலில் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் எகிப்துச் சிப்பாய்கள் நாலைந்து பேர் தொப்பிகூட இல்லாமல் உட்கார்ந்து பழம் உரித்தார்கள். எப்போதும் இவனைப் பார்த்துக் கெட்ட சைகை காட்டுகிறவர்கள், இன்று இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஊரில் கடையை விட்டுவிட்டுப் பட்டாள அழைப்புக்கு வந்திருந்த எல்கானாவின் மகன் வயதுதான் அதிகாரி கியோராவுக்கு. "யூதங்க நமக்கும் இன்னைக்கு நோன்பு. பசியில பழம்தான் கண்ணுக்குத் தெரியும். சும்மா உட்காருய்யா."

"நீயே வந்து பாரேன்."

"நம்ம தலைக்கு மேல பனை உசரத்துக்கு மணல் மேடு. குண்டு போட்டாலும் சரியாது. மீறி வந்தா அந்த எண்ணெய்க் குழாயைத் திற, கால்வாயே பத்திக்கும். கடைக்காரனைப் பட்டாளத்துக்கு அனுப்பினா இப்படித்தான்."

எல்கானா மறுபடி பார்த்தபோது ஆரஞ்சுத் தோல்கள் மட்டும் கிடந்தன. ஆட்களைக் காணவில்லை.

வானம் கிழிந்தது. விழுந்த குண்டுகளில் தரை எகிறியது, விளக்கு அணைந்தது, கந்தக நெடி தொண்டையை அடைத்தது. கியோரா திட்டிக்கொண்டே கதவைத் திறந்து மேட்டின் மேல் ஓடினான். அவனுக்குப் பின்னால் வாசல் இடிந்து மூடிக்கொண்டது.

துளையில் படகுகள் தெரிந்தன. தண்ணீரே தெரியாத அளவுக்குப் படகுகள். "அல்லாஹு அக்பர்" என்ற ஒரே குரல் கால்வாய் முழுக்க உருண்டு வந்தது.

எல்கானா குழாயின் திருகைச் சுழற்றினான். தீ வரவில்லை. உள்ளே எங்கோ ஏதோ விக்கியது. அடைப்பு. யாரோ முன்பே அடைத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம். பெரிய பாம்பு சீறுவதுபோல், ஓயாமல், மேட்டுக்கு வெளியே. படகிலிருந்து மணல்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரியவே நேரமாயிற்று. குண்டுக்குச் சரியாத மேடு தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

சுவர் வியர்த்தது. தொட்டான். சில்லென்றிருந்தது. விரிசலில் சேறு கசிந்தது. காலடியில் சேறு. முழங்காலில் சேறு.

தலைக்கு மேல் காலடிகள்.

"இங்க ஆள் இருக்கேன்!" கத்தினான். எதிரியிடம்தான். எவனும் நிற்கவில்லை. நூறு கால்கள். ஆயிரம். அவன் மேலேயே மிதித்துப் போனார்கள்.

மேடு சரிந்தது.

துளையில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் சேறு இறங்கியது. அதோடு கியோராவின் முகமும் வந்தது. வந்து துளையில் அப்பி நின்றது. கண்கள் திறந்திருந்தன. வாய் நிறைய ஈரமணல்.

அந்த வாயிலிருந்து மணல் மெல்ல உள்ளே வழிய ஆரம்பித்தது.