பெரிய விரல்

காலை ஏழு மணிக்குச் சுவர் கனைத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் அந்த நேரத்தில் பிள்ளைகள் உள்ள வீட்டுச் சுவர்கள் எல்லாமே கனைக்கும். ஏழாம் அடுக்கில் குடியிருந்த சிவநேசனின் வீட்டுச் சுவருக்கு மட்டும் சளி பிடித்தது போல ஒரு கரகரப்பு. பழுது பார்க்க வந்த ஆள், சில சுவர்களுக்கு அப்படி அமைந்துவிடும் என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனான்.

கனைத்து முடித்த சுவர் அடுக்களையை ஒரு நோட்டம் விட்டது. வீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் அது பாடம் சொல்லும். இல்லாததை வாங்கி வா என்று ஒருநாளும் கேட்காது.

“இன்றைய செயல், தட்டில் ஓர் உப்பளம். தேவை: ஒரு தட்டு, கல்லுப்பு, தண்ணீர், மின்விசிறி. வழங்குபவர், ஜெபசிங், தூத்துக்குடி.”

“உப்பு மாமா வந்தாச்சு” என்று ஏழு வயதுத் தும்பை பல் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். சிவநேசன் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தான். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தான்.

பள்ளிக்கூடங்களை மூடி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. வெயில் ஏறிய காலத்தில், காலையில் செருப்போடு போன பிள்ளைகள் மாலையில் வெறுங்காலோடு திரும்பின. செருப்பு ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. இனி சரிப்படாது என்று கட்டடங்களில் பூசணி போட்டார்கள். ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் காய்த்த ஒரு பூசணி ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்ததைச் சிவநேசனே பார்த்திருக்கிறான். பிள்ளைகளுக்குப் படிப்பு அவரவர் வீட்டுச் சுவரிலேயே வந்தது. அதற்குச் செயலோடை என்று பெயர். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது.

காசில்லாமல் எப்படி நடக்கிறது என்று முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். விஷயம் எளிது. ஓடையில் வாத்தியார் என்று யாரும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ஓர் அப்பனோ அம்மாவோ பிள்ளையோடு எதையாவது விளையாடுவார்கள். சுவருக்குக் காது உண்டு. ஆனால் அது இரண்டே இரண்டு சொற்களுக்குத்தான் திறக்கும். “இன்னொரு தடவை.” ஒரே விளையாட்டுக்குப் பிள்ளை அதை நூறு தடவை சொல்லிவிட்டால் சுவர் அந்த விளையாட்டை எடுத்துக்கொள்ளும். தூசி தட்டி, அதிலிருக்கும் பாடத்தைக் கண்டுபிடித்து, ஆடியவரின் பெயரோடும் குரலோடும் நாட்டில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பிவிடும்.

ஜெபசிங் என்கிற அந்தத் தூத்துக்குடிக்காரரின் குரல் இப்படித்தான் சிவநேசன் வீட்டுக்குள் வந்தது. முகம் கிடையாது, குரலும் இரண்டு கைகளும் மட்டும். கைகள் உப்பைக் கரைத்தன. குரல் சொன்னது: “இந்தத் தட்டுதான் நம்ம கடலு, பிள்ள. காத்தடிச்சா தண்ணி எங்க போகுது? தரைக்குள்ள போகுதுன்னு நான் சொல்லுதேன். நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“தப்பு மாமா” என்று தும்பை கூவினாள். “தட்டுல ஓட்டையே இல்ல.”

அந்த ஆளின் தந்திரம் அதுதான். ஒவ்வொரு செயலிலும் ஒரு தப்பை ஒளித்து வைத்திருப்பார். பிள்ளை அதைப் பிடித்துவிட்டால், தோற்றுப்போனவர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்கத் தும்பை விடியற்காலையிலேயே எழுந்துகொள்வாள்.

சிவநேசனுக்குத் தப்பாகச் சொல்ல வராது. அவன் நகராட்சியில் நிழல் ஆய்வாளன். ஒரு தெருவுக்குப் போட்ட நிழல் அடுத்த தெருவுக்குள் அரை அடி நுழைந்தாலும் அளந்து திருப்பி அனுப்புகிற வேலை. மகள் வாயைத் திறக்கும் முன்னே, “ஆவியாகுது அம்மிணி, காத்துல நீர் ஆவியாகுது” என்று விடையைச் சொல்லிவிடுவான். தும்பை அவனை ஒரு பார்வை பார்ப்பாள். சினிமா முடிவைச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

“ஏனுங்க, உங்களுக்கு அந்தாளு மேல என்னதான் கோவம்?” என்று மனைவி சௌந்தரி கேட்டாள். “காசா பணமா, சும்மா சொல்லித் தர்றாரு.”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உப்பு அதிகமா செலவாகுது.”

“அரைப்படி உப்புக்கா மூஞ்சிய மூணு நாளா இப்படி வெச்சிருக்கீங்க?”

அவன் நிழல் அளக்கும் கோலைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அவனே ஒரு செயல் தயாரித்தான். பெயர், நிழற்கணிதம். பதினான்கு படிகள், ஓர் அட்டவணை. தும்பை ஒன்பதாவது படி வரை வந்தாள். அதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள், ஒரு தடவை ஜன்னல் வழியே காக்காய்க்கு வணக்கம் சொன்னாள். முடிந்ததும் அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“எப்படி இருந்துச்சு கண்ணு?”

“பரவால்லப்பா” என்றாள் தும்பை. பெரியவர்கள் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் தோரணை. சுவர் ஒரு காதையும் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் அவனுக்கு அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு செயல் முடிந்ததும் சுவரில் இரண்டு கட்டங்கள் தோன்றும். ‘தேறியது’, ‘தேறவில்லை’. தும்பை எப்போதும் முதல் கட்டத்தை அமுக்கிவிட்டுக் கைகழுவ ஓடுவாள். ஒரு வீட்டிலிருந்து மூன்று ‘தேறவில்லை’ விழுந்தால் அந்த ஆளின் செயல் அந்த வீட்டுக்கு அப்புறம் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி.

திங்கட்கிழமை கொட்டாங்கச்சியில் இடி செய்தார் ஜெபசிங். தும்பை ஓடிய பிறகு சிவநேசன் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அவள் அமுக்கியதை மாற்றி அமுக்கினான். புதன்கிழமை துணி துவைக்கும் தொட்டியில் கடலலை. அதையும் அமுக்கினான். வெள்ளிக்கிழமை முருங்கைக்காய்க் கப்பல். அதை ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினான்.

ஓடையின் விதிகள் மொத்தம் நானூறு பக்கம். முழுவதும் படித்தவர் ஊட்டியில் ஒருவர் இருந்தார். படித்து முடித்ததும் அவர் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டார். சிவநேசன் முதல் இரண்டு பக்கம் படித்தவன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது, மூன்று ‘தேறவில்லை’ வாங்கியவர் அந்த வீட்டுப் பிள்ளையை ஒருமுறை நேரில் கண்டு, எங்கே பிசகியது என்று கேட்டுச் சரிசெய்ய உரிமை உண்டு என்பது.

சனிக்கிழமை காலை சுவர் கனைத்தது. செயல் வரவில்லை. முகம் வந்தது. ஐம்பது வயது இருக்கும். மீசை, மடித்துக் கட்டிய லுங்கி, மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பெரிய மனிதர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

“வணக்கம் அண்ணாச்சி. நான்தான் ஜெபசிங். பிள்ளைக்கு நம்ம பாடம் மூணு தேறலன்னு ஓடை சொல்லிச்சு. நேத்துலேருந்து சோறு எறங்கல. எங்க தப்புன்னு பிள்ள சொன்னா திருத்திக்கிடுவேன்.”

தும்பைக்கு ஒன்றும் புரியவில்லை. உப்பு மாமாவுக்கு மீசை இருப்பதே அவளுக்குப் பெரிய செய்தி. “எல்லாம் தேறுச்சே மாமா. கப்பல் நாலு வாட்டி மெதந்துச்சு. நான் தேறியதுதான் அமுக்கினேன்.”

ஜெபசிங் மடியிலிருந்த தாளைப் பார்த்தார். “அமுக்குனது பெரிய விரலுன்னு போட்டிருக்கே, பிள்ள.”

தும்பை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சௌந்தரி அடுக்களை வாசலில் கரண்டியோடு வந்து நின்று அவளும் பார்த்தாள். சிவநேசனுக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியில் அக்குளில் வைத்துக்கொண்டான்.

“அது வந்துங்க,” என்று ஆரம்பித்தான், “சுவத்துல தூசி இருந்துச்சுங்க. தொடைக்கறப்ப கை பட்டிருக்கும்.”

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கும் முன், தூத்துக்குடிப் பக்கம் ஒரு கதவு படாரென்று திறந்தது. நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்று, ஒரு கையில் பாதி தின்ற பணியாரத்தோடு, ஜெபசிங்கின் தோளில் ஏறி நின்றது.

“பஸ் மாமா. ப்பா, பஸ் மாமா குரலு.”

ஜெபசிங்கின் மீசை மெல்லக் கீழே இறங்கியது. “நீங்களா அது” என்றார்.

“எது?”

“கோயம்புத்தூர் சிவநேசன். திசையறிதல், நாலு முதல் ஆறு வயசு. என் மக பெர்சி உங்க பஸ்ஸு ஓடாம ஒரு வாய் சோறு திங்க மாட்டா. ஆறு மாசமா உங்க குரலத்தான் கேட்டுட்டுக் கெடக்கேன்.”

சிவநேசனுக்கு மெதுவாகத்தான் நினைவு வந்தது. தும்பைக்கு நாலு வயது இருக்கும்போது இரண்டு நாற்காலியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு பஸ் ஓட்டுவான். பஸ் என்பதை அந்தத் தலைமுறை பார்த்ததில்லை. பால் தரும் பிராணி என்றே தும்பை கொஞ்ச நாள் நினைத்திருந்தாள். அவன் வழி தெரியாத டிரைவர். பின்னால் இருப்பவள் இடது வலது சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பஸ் ஆற்றில் இறங்கும், யாருடைய கல்யாணப் பந்தலிலாவது நுழையும். அதற்கு அவள் ‘இன்னொரு தடவை’ என்று நூறு தடவை என்ன, ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சுவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எடுத்த வீட்டுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதும் விதி. வேறு விளையாட்டுகள் வரவர நாற்காலிகள் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிட்டன. ஓடையிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் ஏதோ கணக்கெடுப்பு என்று அவன் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தான்.

“உள்ளதச் சொல்லுதேன் அண்ணாச்சி,” என்றார் ஜெபசிங், குரலைத் தாழ்த்தி. “உங்களுக்கு நானும் ரெண்டு தடவ அமுக்கிட்டேன். மூணாவது தடவ கை போச்சு. பிள்ள மூஞ்சியப் பாத்துட்டு விட்டுட்டேன்.”

சிவநேசனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது வேறு. இந்த ஆள் இதிலும் என்னைவிட ஒரு படி மேலே நின்றுவிட்டானே என்று வயிறு எரிந்தது.

பெர்சிக்கு இந்தப் பேச்சில் அக்கறை இல்லை. “மாமா, வண்டிய எடுங்க” என்றாள்.

அவன் சௌந்தரியைப் பார்த்தான். அவள், எடுக்கறதுதானே, என்று கரண்டியால் காட்டினாள். மேசையடியிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு தட்டைக் கையில் எடுத்து ஸ்டியரிங் மாதிரி திருப்பினான். “ஏனுங்க அம்மிணி, இந்த ரோடு எங்கீங்க போகுது? எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காதுங்க.”

“எடதுபக்கம்” என்று கத்தினாள் பெர்சி, வலது கையை நீட்டிக்கொண்டு.

“அய்யய்யோ, பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் வண்டி மேல உக்காந்துட்டாங்களே. மொய் வேற வைக்கச் சொல்றாங்களே.”

பெர்சியின் பணியாரம் கீழே விழுந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. “இன்னொரு தடவ” என்றாள். பிறகு மறுபடியும். சிவநேசன் ஆற்றில் இறங்கினான், மலை ஏறினான், ஒரு மாட்டுக்கு டிக்கெட் கிழித்தான். மூன்று வருடமாகக் கேட்காத அந்த இரண்டு சொற்கள் காதில் விழவிழ அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெபசிங் சிரிக்கவில்லை. கீழே விழுந்த பணியாரத்தை எடுத்து, தூசி ஊதி, கையிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு ஆளும் சிரிக்கவில்லை. தும்பை சுவரில் சாய்ந்து நின்று, அப்பாவையும் அந்தத் தூத்துக்குடிப் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் கீழுதடு மெல்ல வெளியே வந்தது. அவன் எட்டாவது தடவை வண்டியைக் கிளப்பும்போது, அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்தாள். அது தரையில் கீறிக்கொண்டு வந்த சத்தத்தில் சுவரே கொஞ்சம் நிமிர்ந்தது. அதை அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போட்டு, ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பஸ்ஸு தூத்துக்குடி போகாது” என்றாள், சுவரைப் பார்த்து. “எறங்கிக்க.”

பெர்சிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்து அழுதாள். ஜெபசிங் அவளைத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்த மாதிரிதான் தெரிந்தது.

சமாதானமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சிவநேசனுக்குத் தெரியும். தும்பையைக் கண்டிக்க வேண்டும் என்பதும் தெரியும். கழுத்தில் காலர் இறுகியிருந்தது. அழுகைச் சத்தம் நன்றாகவே காதில் விழுந்தது.

அவன் வண்டியைக் கிளப்பி, தட்டை இடது பக்கம் திருப்பினான்.