உவர்த் தண்ணீரில் கழுவிய கார்

பூட்டிக் கிடந்த காருக்குள் யாரோ பிறேக் மிதிக்கும் சத்தம் கேட்டது.

ஜெனீற்றா வாளியைக் கீழே வைத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்த நேரம், நல்ல வெயில். அல்லைப்பிட்டிக் கடற்கரையில் இருந்து வந்த காற்றில் கருவாட்டு வாடையும் பனையோலைச் சரசரப்பும் தவிர வேறொன்றும் இல்லை. தங்கை பிரேமினி வீட்டுக்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்; கார்ச் சாவி அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. ஆனாலும் தகரக் கொட்டிலுக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியிருந்த அந்த வெள்ளைக் காரில் இருந்துதான் சத்தம் வந்தது. டக். டக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டக். ஒவ்வொரு முறையும் கொட்டிலின் பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்து அணைந்தது. அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். ஒருவரும் இல்லை. சுவாமியார் ஆசீர்வதித்துக் கொடுத்த செபமாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் சூட்டுக்குத் தகரம் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள்.

கார் வாங்கக் காசு அனுப்பியவன் நிசாந்தன், பிரேமினியின் புருஷன், நோர்வேயில் இருக்கிறான். அவன் முதலில் இந்த வீட்டுக்குக் கலியாணம் பேசி வந்தது ஜெனீற்றாவைத்தான். தேத்தண்ணி கொண்டுபோனவள் அவள். பலகாரத் தட்டோடு பின்னால் வந்தவள் பிரேமினி. அவன் கண் தட்டோடு போய்விட்டது. இப்போது ஜெனீற்றாவை 'அக்கா' என்று கூப்பிடுகிறான், வயதில் அவளைவிட மூத்தவன். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

கார் வந்த கிழமை அவன் போனில் சொன்னான்.

"ஜெனீற்றா அக்கா, பண்ணைப் பாலத்தால போய்வாற கார். கடல் தண்ணி அடியில தெறிக்கும். உப்புப் பிடிச்சா பிறேக் பைப்பை அரிச்சுப் போடும். பிரேமினி வேலையால களைச்சு வருவா. நீங்கள் அடியை ஒருக்கா நல்ல தண்ணியால கழுவி விடுவியளே?"

"ஓம்."

நல்ல தண்ணீர் என்றால் பவுசர் லொறியில் வந்து தாங்கியில் நிறைவது. வளவுக் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் கழுவிய பாத்திரம் காய்ந்தால் வெள்ளை பூக்கும். ஜெனீற்றா கிணற்றில்தான் அள்ளினாள். முதல் நாள் தாங்கிவரை நடக்கப் பஞ்சியில் அள்ளினாள். பிறகு பஞ்சியில் அல்ல. தாங்கித் தண்ணீரைத் தன் தலைக்கு வார்த்தாள். உவர்த் தண்ணீரை நாள் தவறாமல் காரின் அடிக்கு ஊற்றினாள், சில்லுகளின் உட்புறமாக, பைப் ஓடும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்து. வேலியால் எட்டிப் பார்த்த றோசம்மா மாமி கூட, "தங்கச்சியில எவ்வளவு பட்சம் பிள்ளை உனக்கு" என்று மெச்சினாள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு சத்தம் அடிக்கடி கேட்டது. பாத்திரம் கழுவும்போது கேட்கும். உடுப்புக் காயப்போடும்போது கேட்கும். பிரேமினிக்குக் கேட்கவில்லை. அவள் எப்போதும் போலச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு வெறுங்காலோடு காரை ஓட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அதுதான் பழக்கம். ஜெனீற்றா அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் பட்டினத்துக்குப் பஸ்ஸில் போனாள்.

ஒரு நாள் காலை, தங்கை போன பிறகு கொட்டிலைக் கூட்டப் போனாள். கார் நின்ற இடத்தில், பின் சில்லடியில், சீமெந்துத் தரையில் ஒரு ஈரம். விரலால் தொட்டாள். தண்ணீரல்ல, வழுவழுத்தது. மணந்து பார்த்தாள். பிறேக் ஒயில்.

தங்கைக்குப் போன் எடுத்துச் சொல்லலாம். சொன்னால் கார் ஒரு நாள் திருத்த வேலைக்குக் கராச்சில் நிற்கும், அவ்வளவுதான். பிறகு ஏன் அரித்தது என்று நிசாந்தன் கேட்பான். அதை விட, தங்கை தப்பிவிட்டாள் என்று கேட்டு அவன் அழுவான். அந்த அழுகையைத் தாங்க அவளால் ஏலாது. ஜெனீற்றா முற்றத்தில் இருந்து மணல் அள்ளி வந்து ஈரத்தின் மேல் கொட்டினாள். விளக்குமாற்றால் ஒப்புரவாகப் பரப்பிவிட்டாள்.

பின்னேரம் வானம் இருண்டு மழை பிடித்தது. கரண்டும் போய்விட்டது. தகரத்தில் மழை கொட்டுகிற இரைச்சலும், குசினியில் ஈரம் பட்டு நூர்ந்த அடுப்பின் புகை மணமும், எங்கிருந்தோ உள்ளே வந்து கதிரை, அலுமாரி எல்லாவற்றிலும் படிந்துவிட்ட உப்பு வாடையும் சேர்ந்து வீடு அவளுக்கு மூச்சு முட்டியது. அந்த இரைச்சலுக்குள்ளும் அவளுக்குக் கேட்டது.

டக்.

கொட்டிலில் கார் இல்லை. பிரேமினி இன்னும் வரவில்லை.

டக். டக்.

போனை எடுத்தாள். இரண்டாம் மணியிலேயே தங்கையின் குரல் வந்தது.

"சொல்லுங்கோ அக்கா. ஸ்பீக்கரில போட்டிருக்கிறன். பண்ணைப் பாலத்துக்கு வந்திட்டன். சரியான மழை."

"பிரேமினி, காரை ஓரமா..."

"அக்கா, முதல்ல இதைக் கேளுங்கோ! அவர் நத்தார்ப் பெருநாளுக்கு வாறாராம். இப்பதான் ரிக்கற் போட்டவராம். உங்களுக்கும் ஒரு சீலை எடுத்து வைச்சிருக்கிறாராம். ஜெனீற்றா அக்கா எனக்கு அக்கா இல்லை, அம்மா மாதிரி எண்டு சொன்னவர்."

ஜெனீற்றா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"என்னவோ சொல்ல வந்தனீங்கள்?"

அம்மா மாதிரி.

"ஒண்டுமில்லை," என்றாள். "பாத்து வா."

போனை வைத்ததும் சத்தம் மாறியது. இதுவரை கேட்டது இறுக்கமான மிதி. இப்போது இறுக்கம் இல்லை. கால் கடைசிவரை போய்த் தரையில் அடித்தது. எடுத்து அடித்தது. மறுபடியும் அடித்தது.

அவள் மழைக்குள் ஓடினாள். திரும்பத் தங்கைக்குப் போன் அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை.

கொட்டில் வாசலில் நின்றாள்.

கார் இல்லை. ஆனால் பின்சுவர் சிவந்தது. அணைந்தது. சிவந்தது. அணைந்தது. விரைவாக. இன்னும் விரைவாக.

"பிரேமினி, எடு. எடு பிள்ளை."

மணி போய்க்கொண்டே இருந்தது.

சுவர் சிவந்தது. அணையவில்லை.

அந்தச் சிவப்பில் தரை தெரிந்தது. காலையில் அவள் பரப்பிய மணல். அதில் ஒரு வெறுங்காலின் அடையாளம். வலது கால். ஒருவரும் இல்லாமலே அது அழுந்தியது. எழுந்தது. அதே இடத்தில் அழுந்தியது. ஒவ்வொரு முறையும் குழிக்குள் தண்ணீர் ஊறியது. கடல் மணத்தது.

பிறகு நின்றது.

மழையும் நின்றதுபோல் இருந்தது. கையில் இருந்த போன் மௌனமாகியது.

வலது காலுக்குப் பக்கத்தில், மெதுவாக, இடது காலின் அடையாளமும் மணலில் பதிந்தது. இரண்டு குதிகாலும் சுவர்ப் பக்கம். விரல்கள் பத்தும் அவளைப் பார்த்தபடி.