வலது காலுக்கு ஒரு மரத்துண்டு

"மாடி அறையைத் திறங்க. நான் பார்க்கணும்."

ஹால்சி பெம்பர்டனின் பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் திரும்பினார்கள். அலுவலக மேலாளர் மார்ஜ், தன்னிடம் வேலை பார்க்கும் ரொனெட்டின் கையை நறுக்கென்று கிள்ளினாள். ரொனெட் வேலைக்குச் சேர்ந்த அன்றே மார்ஜ் சொன்ன விதி: காட்டுவதைப் பார், பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லாதே. அதிலும் ஹால்சி பெம்பர்டனிடம் மூச்சு விடக்கூடாது. ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரின் பழைய வீடுகளைக் காக்கும் குழுவில்தான் இருவருக்கும் வேலை; அதற்கு அவர்தான் தலைவர். ஜன்னலுக்குத் தப்பான பச்சை அடித்தவனுக்குக்கூட அபராதம் போட்டவர்.

மணி இரண்டே கால். நாலு மணிக்குக் கோர்ட்டில் ரொனெட்டின் தம்பி கோல்பி, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். வாட்டர் தெருவில் பெம்பர்டனின் காலி வீட்டைக் கொளுத்தினானாம். குளிருக்கு அங்கே ஒதுங்கியவன்தான். ஒப்புக்கொண்டால் ஆறு வருடம் சிறை, வழக்காடித் தோற்றால் பதினைந்து என்றார்கள். பயந்துவிட்டான்.

"வருஷா வருஷம் திறந்து வைக்கிற அறை, சார். இந்த வருஷம் மட்டும் ஏன் பூட்டு?"

"கத்தாதே, பொண்ணே." கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பெம்பர்டன் சாவியை எடுத்தார்; அவர்களைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டு இருவரையும் மேலே கூட்டிப்போனார்.

மாடியில், குளிர்காயும் கணப்பைச் சுற்றி இரண்டு கால்களில் நிற்கும் ஆளுயர வால்நட் மரச் சட்டம். திராட்சைக் கொடி செதுக்கியது. ரொனெட் அதைத் தொடவில்லை. நேரே தரையில் மண்டியிட்டாள்.

"காலேஜ்ல இதையா சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார் பெம்பர்டன்.

"தீப்பிடிச்ச வீட்டுக்குக் காலைல போனேன். அங்கே கணப்பைச் சுத்தி இருந்த சட்டத்தைக் காணோம், சுவர் முழுக்கக் கரி. சட்டம் அங்கேயே எரிஞ்சிருந்தா அதுக்குப் பின்னாடி இருந்த சுவர் வெளுப்பா இருக்கணும். இல்ல. தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ கழட்டியிருக்காங்க."

"உன் தம்பிதான் கழட்டி வித்திருப்பான்."

"அவன் புகுந்தது நிலவறை ஜன்னல் வழியா. அவனே உடம்பை ஒடுக்கித்தான் நுழைஞ்சான். இது அதுல போகாது. வாசல் பூட்டைத் தீயணைப்புக்காரங்கதான் வெட்டினாங்க. சாவி?"

மார்ஜ் மெதுவாகச் சொன்னாள். "ஹால்சிகிட்ட மட்டும்தான்."

"இது என் தாத்தா காலத்துச் சட்டம்!"

"அப்போ வலது காலுக்குக் கீழே புதுப் பைன் மரத்துண்டு எதுக்கு? அந்த வீட்டுத் தரை இடப்பக்கம் விரலளவு சாஞ்சு கிடக்கு. சட்டம் நேரா நிக்கணும்னு தச்சன் இடது காலை நீளமா விட்டிருக்கான். உங்க தரை சமம். அதனால வலது கால் தொங்குது."

பெம்பர்டன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இடிக்கக் கூடாதுன்னு விதி எழுதினது நீங்க. ஆனா எரிஞ்ச வீட்டை இடிக்கலாம். இடத்தை ஓட்டல் கட்டக் கொடுக்கலாம். கொளுத்தினது நீங்கதான், சார். வேற எவனா இருந்தாலும் சட்டத்தோட சேர்த்துக் கொளுத்தியிருப்பான். உங்களுக்கு மட்டும் மனசு வரல. உள்ளே ஒருத்தன் தூங்குறானான்னு பார்க்கவும் தோணல."

அவர் கை தன்னையறியாமல் திராட்சைக் கொடியைத் தடவியது. "இப்படி ஒரு வேலைப்பாடு இனிமே வராது" என்றார்.

ரொனெட் சட்டத்தின் வலது காலைப் போனில் படம் எடுத்தாள். மார்ஜ் கதவைச் சாத்தினாள்.

"யோசிடி. இது வெளியே போனா மாநில அரசு நம்ம தெருக்களைப் பழைய வீடுகள் பட்டியல்லேர்ந்து தூக்கிடும். எல்லா வீட்டுக்கும் ரிப்பேர் பணம் நின்னு போகும். கோல்பிக்கு நல்ல வக்கீலா ஹால்சியே வைப்பார். உன் வேலையும் நிரந்தரம்."

 ரொனெட்டின் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இந்த வேலை கிடைத்த அன்று, ஓட்டல் துணிகளைத் துவைக்கும் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"கோல்பியும் ஒரு நூறு வருஷப் பழைய வீடா இருந்திருந்தா நீங்களே காப்பாத்தியிருப்பீங்க, இல்ல மார்ஜ்?"

அலுவலகச் சாவியைச் சட்டத்தின் மேல் வைத்தாள். கதவைத் திறந்தாள். படிக்கட்டில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது.

வெளியே வந்தவள் கோர்ட் இருக்கும் பக்கம் நடந்தாள். பிறகு ஓடினாள்.