சுவரில் ஏறிய துஷ்யந்தி

காலை ஒன்பது மணிக்கு நினைவுச்சுவர் கண் விழித்தது. விழித்ததுமே வைய ஆரம்பித்தது.

"தொப்பியைக் கழற்று, மடையா! உன் கொள்ளுப்பாட்டன் என் பன்றிகளை மேய்த்தவன்!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு நிலப்பிரபு கத்தினார். அவர் 1849ஆம் வருட உறுப்பினர். பக்கத்துத் தாடிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அடுத்தவர். ஒருவர் ஆரம்பித்துவிட்டால் வரிசையே சேர்ந்துகொள்வது சுவரின் சுபாவம்.

நகுலேசன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சு மேடைக்குக் கீழிருந்த சின்ன மேசையில் பென்சில்களைச் சீவி அடுக்கினான். வெஸ்டர்ஹார்ட் மாநிலச் சட்டமன்றத்தின் தலைமைச் சுருக்கெழுத்தாளன் அவன். இந்த 2087இலும் அந்த வேலையை மனிதக் கைதான் செய்ய வேண்டும் என்பது சட்டம். யார் பேசினார், யார் குறுக்கே கத்தினார், எந்தப் பக்கம் கைதட்டல், எங்கே சிரிப்பு என்பதெல்லாம் அடைப்புக்குறிக்குள் ஏறியாக வேண்டும். கையால் எழுதாத எதுவும் அந்த அவையில் நடக்கவில்லை என்றுதான் பொருள்.

சுவர் அந்தக் குறிப்புகளைத் தின்று வளர்ந்தது. பதவி முடிந்த ஒவ்வோர் உறுப்பினரும், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் குறிப்புகளிலிருந்து வார்த்த முன்னுருவாக, அசையும் பேசும் பிம்பமாக, சுவரில் ஏறுவார். உச்சியில் நிலமும் தாடியும் உள்ளவர்கள். கொஞ்சம் கீழே, 1919இல் முதன்முதலாக உள்ளே நுழைந்த ஐந்து பெண்கள். அப்புறம் 1933ஆம் வருடத்து வரிசை. அவையின் அதிகாரத்தையெல்லாம் தாங்களே ஒரு சர்வாதிகாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கைதட்டியவர்கள். அதற்குக் கீழே, அவையே கூடாத பதின்மூன்று வருடங்களுக்கு வெறும் கறுப்புப் பட்டை. பட்டை முடியும் இடத்தில், 1946இல் குண்டு விழுந்த ஊரில் ஒரு திரையரங்கில் கூடியவர்கள். ஆளுக்கொரு கரித்துண்டு கொண்டுவந்து அடுப்பில் போட்டால்தான் கூட்டம் தொடங்குமாம்.

அப்படியொரு கறுப்புப் பட்டை மறுபடி விழக்கூடாது என்றுதான் சுவரைக் கட்டினார்கள். எந்த மசோதா வந்தாலும், அதைப் பற்றி அதிகம் பேசிய முன்னுருவைச் சுவரே சாட்சிக்கு அழைக்கும். சாட்சி மறுத்தால் மசோதா ஐந்து வருடம் கிடப்பில் கிடக்கும்.

இன்றைய மசோதா, கடல் விழுங்கிய கரைகளிலிருந்து வந்து பழைய படைமுகாமில் கிடக்கும் நாலாயிரம் பேரைப் பற்றியது. நீதிமன்றம் கொடுத்த தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மசோதா நிறைவேறினால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், இரண்டாயிரம் பேர், தங்கலாம். இல்லாவிட்டால் எல்லோருக்கும் நாடு கடத்தும் ரயில்.

அவர்களுக்காக இந்த அவையில் அதிகம் பேசியவள் துஷ்யந்தி. போன தேர்தலில் தோற்றுச் சுவரில் ஏறியவள். நகுலேசனின் மனைவியாகப் பதினெட்டு வருடம் இருந்தவள்.

அவை கூடுமுன் தாழ்வாரத்தில் அவளே நேரில் எதிரே வந்தாள்.

"இன்னும் பென்சில்தான் சீவிக்கொண்டிருக்கிறீரோ?"

"பார்வையாளர் மாடத்திலை இருந்து வாய் திறக்கக்கூடாது. தெரியுந்தானே?"

"பன்னிரண்டு வருசம் இதுக்குள்ளை இருந்தனான். நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"துஷி, எனக்குப் பயமாக் கிடக்கு. அந்த வரி இல்லாமல்…"

"விசர்க் கதை கதையாதையும். சுவரிலை நிக்கிறது நான்தானே? எனக்கு நானே எதிராச் சாட்சி சொல்லுவனோ?"

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். அவள் போட்டிருந்த நீலச் சால்வை அவன் வாங்கிக் கொடுத்தது. அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் இதே பாதி மசோதாவைக் கொண்டுவந்தது. துஷ்யந்தி எழுந்து அதைக் கிழித்துத் தொங்கவிட்டாள். பாதிப் பேரைத் தெருவில் விடும் சட்டத்துக்கு என் வாழ்நாளில் கை தூக்கமாட்டேன் என்றாள். கடைசியில் மட்டும் அவள் குரல் இறங்கியது. "நான் பிழையாகவும் இருக்கலாம். இதைவிட்டால் வேறு வழியில்லை என்ற நாள் வந்தால் என் பேச்சைப் பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பாருங்கள்."

அச்சுக்குப் போகுமுன் பேசியவரிடம் குறிப்பைத் திருத்தக் கொடுப்பது வழக்கம். அன்று மாலை சமையலறை மேசையில் அவள் சிவப்பு மையால் அந்த வரிகளை வெட்டினாள்.

"அதுதான் துஷி நல்ல வரி. ஏன் வெட்டுறீர்?"

"நாளைக்கு அந்த வலப்பக்கத்து ருப்ரெக்ட் வாசிச்சுக் காட்டிச் சிரிப்பான்."

"அது உம்மடை குரலெல்லோ?"

"என்ரை குரலுக்கு நீர் சொந்தக்காரன் இல்லை!"

வார்த்தை தடித்தது. அந்த மாதமே அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டாள்.

முப்பது வருடமாக அவன் பார்த்திருக்கிறான். கட்சி வித்தியாசமில்லாமல் எல்லோரும் முதலில் வெட்டுவது அதே சொற்களைத்தான். நான் பிழையாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும். அதனால்தான் சுவரில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் என்ற ஒன்றே வந்ததில்லை.

இன்று அவை கூடியதும் பேரவைத் தலைவி மணியடித்தாள். சுவரில் துஷ்யந்தி ஒளிர்ந்தாள். அதே நெற்றிச் சுருக்கம், அதே குரல்.

"பாதிப் பேரைத் தெருவில் விடும் சட்டத்துக்கு என் வாழ்நாளில் கை தூக்கமாட்டேன். மறுக்கிறேன்."

வலப்பக்கம் சிரிப்பு வெடித்தது. "அம்மையாரே, மசோதா வேண்டாமென்பதில் நாங்கள் உங்கள் கட்சி!" என்று ருப்ரெக்ட் மேசையைத் தட்டினார்.

மாடத்தில் நீலச் சால்வை எழுந்தது. "அது நான் இல்லை! நான் இங்கே இருக்கிறேன், என்னைக் கேளுங்கள்! வெள்ளிக்கிழமை ரயில்!"

"மாடத்தில் அமைதி!"

சுவரிலிருந்த துஷ்யந்தி மெல்லத் திரும்பி, மாடத்திலிருந்தவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.

"மாடத்தில் நின்று அழுவது சுலபம், அம்மா. இந்தப் பெண்ணை வெளியே அனுப்புங்கள்."

இரண்டு காவலர்கள் அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் கீழே பார்த்தாள். மூன்று வருடமாகப் பழகிப்போன கோபம் அந்த முகத்தில் இல்லை. "நகுல்! அந்த வரியை வாசியுமப்பா!"

அவன் எழுந்தான். பழைய குறிப்பேடு அவன் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதை விரித்து, வெட்டிய வரிகளை அவை முழுக்கக் கேட்கும்படி வாசித்தான். அந்தப் பிள்ளைகளைப் பாருங்கள் என்ற இடத்தில் அவன் குரலும் இறங்கியது.

தலைவியின் பார்வை அவனுடைய காலி நாற்காலிக்குப் போனது. அங்கே காகிதம் வெறுமையாக இருந்தது.

"சுருக்கெழுத்தாளர் பேசியதை யாரும் எழுதவில்லை," என்றாள். அவள் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "ஆகவே யாரும் எதுவும் பேசவில்லை. மசோதா ஐந்து வருடம் ஒத்திவைக்கப்படுகிறது."

நகுலேசன் உட்கார்ந்தான். மாடத்தில் சத்தம் என்று பெயரில்லாமல் எழுதிவிடுவதுதான் முறை. அவன் முறையை மீறினான். (மாடத்திலிருந்து துஷ்யந்தி: அது நான் இல்லை!) என்று பென்சில் முனை முறிய அழுத்தி எழுதினான். இனிச் சுவரில் அவளுடைய உண்மை ஒன்றாவது இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுவர் கண் விழித்தது. நிலையத்திலிருந்து முதல் ரயிலின் சத்தம் அவைக்குள் கேட்டது. துஷ்யந்தியின் முன்னுரு அந்தச் சத்தம் வந்த திசைக்குத் திரும்பியது.

"அது நான் இல்லை," என்றது.

மேலே, 1933ஆம் வருடத்து வரிசையில், இதுவரை வாயே திறக்காத ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி பரவியது.

"அது நான் இல்லை," என்றார் அவரும்.

பக்கத்திலிருந்தவர் பிடித்துக்கொண்டார். பிறகு அடுத்தவர். வரிசை முழுக்கச் சேர்ந்து சொல்லிக் கைதட்டியது. கீழே, சட்டம் சொன்னபடி, நகுலேசன் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருந்தான்.