விக்கிய விமானம்

குக்கரின் மூன்றாவது விசில் பாதியில் அறுந்து, ஒரு கணம் கழித்து விட்ட இடத்திலிருந்தே மறுபடி கூவியபோது, தாமோதரன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பியூலா எதையும் கவனிக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா மச்சான்," என்று அவள் கணவன் எலியேசர் மானிட்டரைக் காட்டினான். "கேம்ல ப்ளேன் மேல ஏறச்சொல்லோ விக்குது. அப்டியே நின்னுடுது. இன்னா கோளாறுன்னே தெர்ல."

கோளாறு தாமோதரனுக்குத் தெரியும். மறைமலை நகர் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சூப்பர்வைசர் வேலை எலியேசருக்குப் போயிற்று. பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு, அதில் செகண்ட் ஹேண்ட் 486 கம்ப்யூட்டர். தாமோதரன் வீட்டில் இன்னும் பழைய 386தான். அந்த 486க்குக் கேபிள் மாட்டிக் கொடுக்க வந்த அன்று அவனுக்கு வயிறு எரிந்தது. நீல நிற செட்டப் திரைக்குள் போய், வேகம் தரும் கேஷ் மெமரியை அணைத்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினான். பாஸ்வேர்டு: சூப்பர்வைசர்.

அதன் பிறகு மூன்று ஞாயிறாக, சர்ச் முடிந்ததும் எலியேசரே கூப்பிடுகிறான். தாமோதரன் தூசி தட்டுவான், வேண்டாத ஃபைல்களை அழிப்பான், உதட்டைப் பிதுக்குவான். கடைசியில் பியூலா கையால் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போவான். எலியேசருக்கு ஒருமுறைகூடக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் தாமோதரனால் தாங்க முடியவில்லை.

திரையில் விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தது. நின்றது.

தலைக்கு மேல் ஃபேனும் நின்றது. வேகம் குறைந்து நிற்கவில்லை, சுழன்றுகொண்டிருந்த இறக்கைகள் சட்டென்று அசையாமல் நின்றன. விமானம் நகர்ந்ததும் அதே வேகத்தில் சுழன்றன.

"நீ கீறச்சொல்லோ எனக்கு இன்னா கவலை, மச்—"

எலியேசரின் வாய் திறந்தபடி நின்றது. மூச்சில்லை. இமை அசையவில்லை. விமானம் நகர்ந்தது.

"—சான்," என்று சிரித்தான்.

தாமோதரன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். போதும், விளையாட்டு போதும். ரீசெட்டை அழுத்தினான். பாஸ்வேர்டு அடித்தான். கேஷ் மெமரியைத் திரும்ப உயிர்ப்பித்து, விளையாட்டைத் தொடங்கினான். விமானம் ஒரு விக்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று.

"சரியாயிடுச்சு, எலியேசர்!"

நிமிர்ந்து பார்த்தான்.

ஃபேன் சுழலவில்லை. ஜன்னல் திரை காற்றில் எழும்பியபடியே இருந்தது. பியூலாவின் கையிலிருந்து விழுந்த வெங்காயத் தோல் பாதி உயரத்தில் நின்றது. தாம்பரம் பக்கமிருந்து ரயில் ஹாரன். ஒரே சுருதியில். ஓயவில்லை. திரையில் விமானம் மட்டும் விக்காமல் பறந்துகொண்டிருந்தது.

மறுபடி ரீசெட். நீலத் திரை. சூப்பர்வைசர் என்று அடித்தான்.

தவறு.

மறுபடி அடித்தான். ஒவ்வொரு எழுத்தாக.

தவறு.

திரும்பினான். எலியேசர் சிரித்துக்கொண்டிருந்தான். அதே சிரிப்பு. கண்கள் மட்டும் அசைந்தன. கொஞ்சம் நகர்ந்தன. நின்றன. விக்கி விக்கி, மறுபடி கொஞ்சம்.

தாமோதரனின் முகத்துக்கு வந்து, நின்றன.