பத்து கிராம் தள்ளி நிற்கும் முள்

புதன்கிழமை மாலை, தன் பழைய காரின் கைப்பிரேக் லீவரில் நான்காவது துளையைப் போட்டு முடித்தார் அப்பா.

அந்த லீவர் ஒரு முழ நீளமுள்ள இரும்புப் பட்டை. அதில் ஒரே வரிசையில் ஏழு புள்ளிகள் குறித்திருந்தார். நான்கு புள்ளிகள் துளைகளாகிவிட்டன. மூன்று மிச்சம்.

"நிறுத்துப் பாரு ட்டி," என்றார்.

ஷைனா லீவரைத் தராசில் வைத்தாள். அது அம்மாவின் சமையலறைத் தராசு. வட்ட முகம், சிவப்பு முள். அப்பா ஒருநாள் இரவல் கேட்டு கராஜுக்குக் கொண்டுவந்தார். மூன்று வருடமாகியும் திருப்பித் தரவில்லை. வந்த வாரமே அதைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து தட்டில் எதுவும் இல்லாதபோதும் முள் பத்து கிராமில்தான் நிற்கும்.

"அறுநூத்தி ஐம்பதுப்பா."

"பத்தைக் கழி."

"அறுநூத்தி நாப்பது. முதல்ல எழுநூறு இருந்துச்சு. அறுபது கிராம் குறைஞ்சிருக்கு!"

"பாத்தியா! அந்தக் கால ரேஸ்காரங்க இப்படித்தான் ஓட்டை போட்டுப் போட்டு வண்டி வெயிட்டைக் குறைச்சாங்க. பாக்கவும் ஸ்டைலா இருக்குல்லா?"

அம்மா வாசலில் வந்து நின்றாள். "இதுல முறுக்கு பிழியலாம் போலிருக்கே. அறுபது கிராம் குறைக்க ரெண்டு மணி நேரமா? உங்க தொப்பையைக் குறைச்சா பத்து கிலோ குறையும்."

"தொப்பையில ட்ரில் ஏறாது ஜெஸ்மி."

மூவரும் சிரித்தார்கள். அப்பா ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, 'மிச்சம் மூன்று. சனி' என்று எழுதி லீவரில் ஒட்டினார்.

அப்பாவின் பெயர் மரிய அந்தோணி. தூத்துக்குடிக்காரர். டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் அவர்கள் வீடு. அப்பா ஒரு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர். நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர், கராஜில் மட்டும் எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒட்டுவார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் ஷைனா எல்லாவற்றையும் படித்துவிடுவாள். அண்ணன் ஆலனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் ஃபுட்பால் ஆடப்போகிறேன் என்று இரண்டாவது வாரமே வகுப்பிலிருந்து நின்றுவிட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் கணக்கு வகுப்பின் நடுவே ஷைனாவைப் பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா அங்கே நின்றிருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு.

அப்பாவுக்கு அலுவலகத்தில் மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு ஷைனா கராஜுக்குள் போகவே இல்லை.

ஆலன் போனான். தினமும் பள்ளி விட்டு வந்ததும் போனான். பதினேழு வயது, லைசன்ஸ் வாங்கி ஒரு வருடமாகிறது. முப்பதாம் நாள் பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். அன்று அப்பாவின் ஹாட் ராட் காரில்தான் மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான்.

அது தொண்ணூறு வயதான கார். துருப்பிடித்த கூடாக வாங்கி, வேண்டாததைக் கழற்றி, பெரிய என்ஜின் வைத்து, அப்பா ஐந்து வருடம் உழைத்த வண்டி.

"அப்பா நம்மள அதுல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பிராமிஸ் பண்ணாங்க. நான் டிரைவ் பண்றேன்மா. ஃப்ரீவேல பதினஞ்சு நிமிஷம்தான். ப்ளீஸ்."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள்.

சனிக்கிழமை காலை. பூசைக்கு வரும் நாற்பது பேருக்கு அம்மா பிரியாணி மசாலா வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஷைனா, தராசு அங்கதான் கிடக்கு. எடுத்துட்டு வா ட்டி."

ஷைனா கராஜ் கதவருகே போய் நின்றாள். உள்ளே ட்ரில் சத்தம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாதான் என்று நினைத்துவிட்டாள். பிறகு கதவைத் திறந்தாள்.

ஆலன் நிமிர்ந்தான். அவன் முன்னால் மேசையோடு பொருத்தியிருந்த இடுக்கியில் ஒரு கனத்த இரும்புத் துண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களைத் திருப்புவது அந்தத் துண்டுதான். அதில் இரண்டு துளைகள். மூன்றாவதுக்குப் புள்ளி குறித்திருந்தான்.

"லுக், அப்பா பண்ற மாதிரியே! இன்னைக்கு மாட்டிடுவேன்."

"இதுலயும் போடச் சொன்னாங்களா?"

"யா. அந்த லீவர்ல இருக்கற மாதிரி இதுலயும் டேப் ஒட்டியிருந்தாங்க."

"டேப் எங்க?"

ஆலன் தன் போன் உறையைக் கழற்றினான். உள்ளே, போனின் முதுகில் அந்த டேப் ஒட்டியிருந்தது. "அவங்க ஹேண்ட்ரைட்டிங். தூக்கிப்போட முடியல."

ஷைனா அதைப் படித்தாள். பிறகு இரும்பிலிருந்த இரண்டு துளைகளையும் பார்த்தாள்.

அம்மாவிடம் ஓடலாம். ஓடினால் அம்மா கராஜைப் பூட்டிவிடுவாள். அதற்குப் பிறகு ஆலன் எங்கே போவான்? ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளை மூவரும் ஃப்ரீவேயில் அந்த வண்டியில் இருப்பார்கள்.

"அண்ணா, மத்த டேப்ல எல்லாம் என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"நோ."

"வா, படிக்கிறேன்."

கருவிப் பெட்டியில் தொடங்கினாள். "'தொடாதே. தொட்டால் திருப்பி வை.'"

அடுத்தது எண்ணெய் டப்பா. "'இது என்ஜினுக்கு. ஜெஸ்மியின் தோசைக்கு அல்ல.'"

ஆலனின் உதடு லேசாக வளைந்தது.

ஷைனா கொக்கியில் தொங்கிய கைவிளக்கைத் திருப்பினாள். "'ஆலன் பிடிக்கும் விளக்கு. ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விடுவான்.'"

"வாட்! நான் கொட்டாவி விட்டதே இல்ல!"

"விடுவே. வாய் இவ்ளோ பெருசா திறக்கும்."

ஆலன் சிரித்தான். முப்பது நாளில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். "இதைப் படி."

"முதல்ல உக்காரு."

அவன் சிரிப்பு நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"'இதில் துளை வேண்டாம். பிள்ளைகள் ஏறும் வண்டி.'"

ஆலன் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தான்.

"அகெய்ன்," என்றான்.

ஷைனா மறுபடியும் படித்தாள். மெதுவாக.

அவன் எழுந்துபோய் ட்ரில்லின் ஒயரைப் பிடுங்கினான். இடுக்கியைத் தளர்த்தி அந்த இரும்பைக் கையில் எடுத்தான். "ஷைனா, நான்... அவங்க மாதிரியே செய்யணும்னுதான்..."

"தெரியும்ணா."

கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஷைனா ஒரு பழைய துணியை எடுத்து அவன் மடியில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"தராசு எடுக்க இவ்ளோ நேரமா?" அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். ஷைனா வாயைத் திறப்பதற்குள் ஆலன் முந்திக்கொண்டான்.

"அம்மா, நாளைக்கு இந்த வண்டி வேண்டாம். ஸ்டீயரிங் பார்ட்ல நான் ஓட்டை போட்டுட்டேன். இனி அது ஒடஞ்சு போகலாம். போடாதேன்னு அப்பா எழுதி வச்சிருக்காங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

அம்மா அந்த இரும்பை வாங்கினாள். ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். பிறகு டேப்பைப் படித்தாள். பிள்ளைகள் இருவரும் திட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

"வேன்லயே போவோம்," என்றாள் அம்மா. இரும்பை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "அதுல ஏசியாவது இருக்கு. ஆலன், முகத்தைக் கழுவு. கரடி மாதிரி இருக்கே."

ஆலன் டேப்பைப் போனிலிருந்து உரித்து, பழைய இடத்திலேயே, இரண்டு துளைகளுக்கும் மேலே ஒட்டினான். பிறகு லீவரைக் காட்டிக் கேட்டான்.

"இதுல என்ன?"

"'மிச்சம் மூன்று. சனி.'"

"இன்னைக்கு சனிதானே."

"எந்தச் சனின்னு எழுதலையே," என்றாள் ஷைனா.

ஆலன் கொஞ்சம் யோசித்தான். லீவரைத் துடைத்து, பழையபடி அலமாரியில் வைத்தான்.

சமையலறையில் அம்மா தராசைத் துடைத்து மசாலாவைக் கொட்டினாள். ஆலன் குனிந்து பார்த்தான்.

"இருநூத்திப் பத்து."

"பத்தைக் கழி," என்றார்கள் அம்மாவும் ஷைனாவும் ஒரே நேரத்தில்.

அம்மா மசாலாவை வழித்து எடுத்தாள். சிவப்பு முள் ஆடி ஆடித் திரும்பி வந்தது. வந்து, பத்து கிராமில் நின்றது.